மூன்றாம் அறைச் சுவர்

பஞ்சுக் குச்சியைத் தண்ணீரில் தோய்த்து அம்மா நெஸ்டாவின் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தாள் டெலித். நெஸ்டா குச்சியைப் பல்லால் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்று கிடந்தாள்.

“விடும்மா. திரும்ப நனைச்சுத் தர்றேன்.”

“டீயில... முக்கேன்.”

“நேத்தே முக்கிக் குடுத்தாச்சு,” என்றாள் ஜன்னலோரம் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்த மென்னா. “உம் பொண்ணு பாத்தா சண்டைக்கு வருவான்னு, அவ குளிக்கப் போன நேரமாப் பாத்துக் குடுத்தேன்.”

நெஸ்டாவின் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போயிற்று. அக்காவும் தங்கையும் எழுபதைத் தாண்டிய பிறகும் கூட்டுக் களவாணிகள்தான். சித்தியிடம் சண்டை போட டெலித்துக்கு இப்போது தெம்பில்லை.

மாடியேற முடியாமல் போனதிலிருந்து நெஸ்டாவின் கட்டில் முன்னறைக்கு வந்துவிட்டது. வெளியே மழை. அந்தப் பள்ளத்தாக்கில் மழையைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள், நின்றால்தான் பேசுவார்கள். காலையில் வந்த நர்ஸ் ஹெல்வென், நெஸ்டாவின் பாதங்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வாசலில் டெலித்தின் கையைப் பிடித்துக்கொண்டு, “இன்னிக்குத்தான் கண்ணு. எங்கயும் போயிடாத,” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

எங்கும் போகிற எண்ணம் டெலித்துக்கு இல்லை. அவள் தலைமையாசிரியையாக இருக்கும் பள்ளிக்கூடம் மேட்டுத் தெருவின் உச்சியில் இருக்கிறது. ஒரு வாரமாக அந்தப் பக்கமே அவள் போகவில்லை. நாளைக்கு நாட்டின் காவல் புனிதரான டேவிட்டின் திருநாள். பிள்ளைகள் நெஞ்சில் மஞ்சள் பூ குத்திக்கொண்டு பாட்டுப் பாடுவார்கள், அதட்டுவதற்கு ஆள் இல்லாவிட்டாலும் நன்றாகவே பாடுவார்கள் என்று விட்டிருந்தாள்.

மேசைமேல் செல்பேசி கிர்ரென்றது.

“கை ஈரமா இருக்கு. யாருன்னு பாரேன் சித்தி.”

“உங்க பள்ளிக்கூடத்துப் புதுப் பொண்ணு, லோரி. போட்டோ அனுப்பியிருக்கா.” மென்னா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டாள். “அடடே. அக்கா, இதப் பாரு. உனக்குத்தான்.”

மூன்றாம் அறை. நெஸ்டா ஓய்வு பெறும்வரை பாடம் நடத்திய அறை. ஓய்வு பெற்ற பிறகும் போன வருஷம்வரை வாரம் ஒரு நாள் போய்ப் பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்டிய அறை. சுவர் முழுக்கக் காகிதத்தில் வெட்டிய மஞ்சள் பூக்கள். நடுவில் பெரிய எழுத்துகளில், மிஸ் நெஸ்டா சீக்கிரம் எழுந்து வாங்க என்று ஒட்டியிருந்தது. அதன் முன்னால் பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தார்கள். முன்வரிசையில் மென்னாவின் பேத்தி மாப்லி, பல் விழுந்த இடம் தெரிய வாயைத் திறந்துகொண்டிருந்தாள்.

“சட்டையப் பாரு இவள. காலையில போட்டது, அதுக்குள்ள பெயிண்ட்டு,” என்றாள் மென்னா.

நெஸ்டா வெகுநேரம் பார்த்தாள். சுவரில் ஓர் எழுத்து கோணியிருந்தாலும் முதலில் அதில் போய் நிற்கிற கண் அது.

“பின்னு,” என்றாள்.

“என்னக்கா?”

“பின்னு... குத்தியிருக்கா.”

டெலித் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு செல்பேசியை வாங்கினாள். படத்தை விரலால் பெரிதாக்கினாள். ஒவ்வொரு பூவின் நடுவிலும் வெள்ளிக் கோடு மாதிரி ஸ்டேப்ளர் பின். எழுத்துகளின் மூலைகளில் வண்ணத் தலை வைத்த போர்டு பின்கள்.

அது செங்கல் சுவர் அல்ல. சுரங்கம் ஓகோவென்று ஓடி, ஊரில் பிள்ளைகள் பெருகியிருந்த காலத்தில் அவசரம் அவசரமாக எழுப்பிய பள்ளிக்கூடம். இரும்புச் சட்டத்தை நிறுத்தி, இடையிடையே பலகைகளைச் செருகினார்கள். பலகைக்குள் ஆஸ்பெஸ்டாஸ். தீப் பிடிக்காது, குளிர் இறங்காது. ஆசிரியைகளுக்குப் பிடித்த குணம் வேறொன்று. குத்திய பின் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். இந்த ஊர்ப் பக்கம் வகுப்பறைச் சுவர் வெறுமனே இருந்தால் அந்த ஆசிரியைக்கு மானம் போயிற்று என்று அர்த்தம். நெஸ்டா மானமுள்ளவள். இலை உதிரும்போது முள்ளெலிகள், கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரங்கள், இளவேனிலுக்கு ஆட்டுக்குட்டிகள் என்று பருவத்துக்கொரு சுவர் ஜோடித்தாள். குத்துவதும் பிடுங்குவதுமாகவே அவள் உத்தியோகம் கழிந்தது.

பலகையைச் சும்மா விட்டால் அது சாது. குத்தினாலோ உடைத்தாலோ கண்ணுக்குத் தெரியாத நார்கள் காற்றில் ஏறும். நெஞ்சுக்குள் போனவை முப்பது நாற்பது வருஷம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, ஒருநாள் எழுந்துகொள்ளும். இதெல்லாம் பிற்பாடு எல்லோருக்கும் தெரிந்தபோது, சுவருக்குப் பூச்சு பூசி அடைத்தார்கள். மூலையில் எச்சரிக்கை ஒட்டினார்கள். ஆணி கூடாது, பின் கூடாது. காவலாளி இட்ரிஸ் பருவத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பலகையையும் தடவாமல் கண்ணால் மட்டும் பார்த்துக் கீறல் உண்டா என்று சொல்ல வேண்டும். புதிதாக வருகிற ஆசிரியரை முதல் நாளே அறை அறையாகக் கூட்டிப்போய் எதைத் தொடக் கூடாது என்று காட்டுவது தலைமையாசிரியையின் வேலை. டெலித் இதில் கறாரானவள் என்று பெயர் வாங்கியிருந்தாள்.

லோரி ஜனவரியில் சேர்ந்தாள். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நெஸ்டாவின் நெஞ்சிலிருந்து நீர் எடுத்தார்கள். நாளைக்குக் காட்டிக்கொள்ளலாம் என்று டெலித் கிளம்பி வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அது அவள் நினைவுக்கே வரவில்லை.

இது இன்றைய பாவம். பழைய பாவம் ஒன்றும் இருந்தது.

நோயைக் கண்டுபிடித்த அன்று பெரிய டாக்டர், “கப்பல் கட்டற இடத்துல வேலை பாத்தீங்களா? உங்க வீட்டுக்காரர்?” என்று கேட்டார். ஆஸ்பெஸ்டாஸ் அதிகம் புழங்கிய இடம் அது. வீட்டுக்காரர் தபால் ஆபீஸில் இருந்தவர், போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. “நான் டீச்சர்,” என்றாள் நெஸ்டா. “ஓ,” என்று டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். திரும்பி வருகையில் காரை ஓட்டிக்கொண்டே டெலித்தான் சொன்னாள்: “அம்மா, என்ன நோய்னு வெளிய சொல்ல வேணாம். பிள்ளைங்களே நூறு பேர்கூட இல்ல. கீழ இருக்கற பெரிய பள்ளிக்கூடத்தோட சேத்துடலாம்னு கவுன்சில்ல ஏற்கெனவே பேசறாங்க. இது தெரிஞ்சா ஒரே வாரத்துல பள்ளிக்கூடம் காலி.” நெஸ்டா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். பாலம் தாண்டியதும், “நுரையீரல்ல ஏதோ கட்டின்னு சொல்லிக்கறேன்,” என்றாள். அது பொய்யும் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் மேலே கொஞ்சம் நிஜச் சோற்றைத்தான் போடுவார்கள்.

டெலித் செல்பேசியோடு நடைக்குப் போய் இட்ரிஸைக் கூப்பிட்டாள்.

“இட்ரிஸ், மூணாம் ரூம்ல இருக்கற எல்லாரையும் ஹாலுக்குக் கூட்டிட்டுப் போங்க. இப்பவே. ஓட வேணாம், வரிசையா.”

“என்ன மிஸ், நெருப்பா?”

“சுவத்துல பின் அடிச்சிருக்கு.”

“எவ்வளவு?”

“சுவரு பூரா.”

“ரெண்டு நாளா நான் பாய்லர் ரூம்லயே கெடந்தேன் மிஸ். மேல வரல. வந்திருந்தா...”

“உங்க தப்பு இல்ல. நான் சொல்றதக் கேளுங்க. பெருக்க வேணாம். வாக்குவம் போட வேணாம். ஹீட்டர் ஃபேன நிறுத்துங்க. ஒரு பின்னக்கூடப் புடுங்கக் கூடாது, அப்படியே இருக்கட்டும். கதவப் பூட்டி அடியில டேப்பு ஒட்டிடுங்க. காத்தப் பரிசோதிக்கற ஆளுங்க வந்துதான் தொறக்கணும். கவுன்சிலுக்கு நான் பேசறேன்.”

“பிள்ளைங்க கோட்டெல்லாம் உள்ளதான் மாட்டியிருக்கு.”

“உள்ளேயே இருக்கட்டும்.”

“மழை கொட்டுது மிஸ். கோட்டில்லாம வந்து நின்னா கேட்ல கேப்பாங்களே. என்னன்னு சொல்லட்டும்?”

டெலித் நடைச்சுவரில் சாய்ந்துகொண்டாள். “ஹீட்டர் பழுதுன்னு சொல்லுங்க.”

“ஹீட்டர் பழுதுன்னா கோட்ட எதுக்கு மிஸ் உள்ள வெச்சுப் பூட்டணும்? குளிருக்குக் கோட்டத்தானே குடுப்பாங்க?”

பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டுத் திரும்பினாள். மென்னா மடித்த துண்டோடு முன்னறை வாசலில் நின்றிருந்தாள்.

“பின் குத்துனா என்னடி ஆவும்?”

“அப்புறம் சொல்றேன் சித்தி.”

“எம் பேத்தி அந்த ரூம்ல உக்காந்திருக்கா. இப்பச் சொல்லு.”

டெலித் சொன்னாள். ஒன்றரை வருஷம் சொல்லாமல் வைத்திருந்தது, சொன்னபோது நாலே வாக்கியத்தில் முடிந்துவிட்டது. மென்னா துண்டைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

“அப்ப அக்காவுக்கு வந்தது...”

“ஆமா.”

“சிகரெட்டக் கையால தொட்டதில்ல, எப்படிம்மா வந்துதுன்னு சர்ச்சுல ஒவ்வொருத்தியும் கேட்டா. கர்த்தர் சித்தம்னு சொன்னேன். வாய் கூசாமக் கர்த்தர் மேல பழியப் போட்டேனே.”

“அம்மாவுக்குத் தெரியும் சித்தி. அம்மாவும் சரின்னுதான்...”

“அவ சரிம்பா. நீ கெணத்துல குதின்னு சொன்னாக்கூட அவ ஆழம் எவ்வளவுன்னு மட்டும்தான் கேப்பா. கேட்டது நீதானே?”

இதை டெலித் தனக்குத்தானே எத்தனையோ முறை சொல்லிக்கொண்டிருக்கிறாள். சித்தி வாயால் கேட்டபோது முதல்முறை கேட்பதுபோல் வலித்தது.

“டெலித்.” உள்ளேயிருந்து குரல்.

கட்டிலருகே போய் மண்டியிட்டாள். அம்மாவின் மூச்சு இரண்டு சொல்லுக்கு ஒருமுறை அறுந்தது.

“ஹீட்டரா?” என்றாள் நெஸ்டா.

டெலித் தலையைக் குனிந்துகொண்டாள். எட்டு வயதில் பொய் சொல்லி அகப்பட்டபோதும் அம்மா இப்படித்தான் ஒரே சொல்லில் கேட்டிருக்கிறாள்.

“எனக்காக... குத்தியிருக்குதுங்க. என் பேரப் போட்டு.” மூச்சுக்காகக் காத்திருந்தாள். “நீ போ. நீ சொல்லு.”

“எப்படிம்மா இப்ப போறது? ஹெல்வென் இன்னிக்கு...”

“மணி அடிக்கறதுக்குள்ள.”

பள்ளி விடுகிற மணி அடிக்கும்போது ஆசிரியை வாசலில் நிற்க வேண்டும். நெஸ்டா ஒருநாளும் தவறியதில்லை. டெலித் சித்தியைத் திரும்பிப் பார்த்தாள். மென்னா அவள் முகத்தைப் பார்க்காமல் கார்ச் சாவியை எடுத்து நீட்டினாள்.

“நான் இருக்கேன். போயிட்டு வா.”

டெலித் குனிந்து அம்மாவின் நெற்றியில் முத்தமிட்டாள். கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். முதலில் கையை விட்டது நெஸ்டாதான்.

ஹாலில் பிள்ளைகள் உடற்பயிற்சிப் பாய்களின்மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். லோரி பியானோவுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள். இருபத்து மூன்று வயதுப் பெண், மூக்கு சிவந்து பிள்ளைகளைவிடச் சின்னவளாகத் தெரிந்தாள்.

“டேப்புதான் ஒட்டினேன் மிஸ். சுவரு ஈரம், ஒட்டவே இல்ல, ஒவ்வொண்ணா விழுந்துது. அந்த ஸ்டிக்கரு பழைய சமாச்சாரம்னு நெனச்சேன். எனக்கு யாரும் சொல்லலயே.”

“நான்தான் சொல்லல,” என்றாள் டெலித். “உன் பேர்ல தப்பு ஒண்ணும் இல்ல. அழாத, பிள்ளைங்க பாக்குது.”

மாப்லி ஓடிவந்து அவள் விரலைப் பிடித்தாள். “பாட்டிமிஸ் போட்டோ பாத்தாங்களா? என்ன சொன்னாங்க?”

ரொம்ப நல்லா இருக்குன்னு சொன்னாங்க என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இப்படிச் சின்னச் சின்னதாகத்தான் வருகிறது என்று நினைத்தாள்.

“ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தாங்க.”

அது மாப்லிக்குப் போதுமானதாக இருந்தது.

மணி அடித்தது. கேட்டுக்கு வெளியே குடைகளும் தள்ளுவண்டிகளும் கூடியிருந்தன. மூன்றாம் அறைப் பிள்ளைகளை மட்டும் ஹாலிலேயே நிறுத்திவிட்டு, அவர்களை அழைக்க வந்தவர்களைத் தாழ்வாரத்துக் கூரைக்குள் வரச் சொன்னாள் டெலித். கால்வாசிப் பேர் தாத்தா பாட்டிகள். அம்மாவின் நிலையைக் கேட்கத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தோ என்னவோ, எல்லோரும் முகத்தை இரக்கமாக வைத்துக்கொண்டு வந்தார்கள்.

கூட்டங்களில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியம் ஒன்று அவளிடம் தயாராக இருந்தது. தொந்தரவு செய்யாதவரை அந்தப் பலகைகளால் ஆபத்தில்லை. உண்மையான வாக்கியம்தான். இன்றைக்கு அதை வாயில் எடுக்கவே கூசியது.

“மூணாம் ரூம் சுவத்துல பின் குத்தியிருக்கு. அதுக்குள்ள ஆஸ்பெஸ்டாஸ் இருக்கு. ரூமப் பூட்டிட்டோம். கோட்டும் பையும் உள்ளேயே இருக்கும், காத்தப் பரிசோதிச்சப்புறம்தான் வெளிய வரும். ரெண்டு நாள் பின் குத்தினதால பிள்ளைங்களுக்கு ஏதாவது ஆகறது ரொம்ப அபூர்வம்னு சொல்வாங்க. நானும் அப்படித்தான் நம்பறேன். ஆனா ஒண்ணுமே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன்.” நிறுத்தினாள். “ஏன்னா எங்கம்மாவுக்கு இருக்கறது அந்தச் சுவத்தால வந்த புத்துநோய். ஒன்றர வருஷமாத் தெரியும். நான்தான் வெளிய சொல்ல வேணாம்னேன்.”

“அந்த ரூம்லதான் நானும் படிச்சேன்,” என்றான் கெத்தின். பஸ் ஓட்டுகிறவன், வாட்டசாட்டமான ஆள், அந்த உடம்புக்குப் பொருந்தாத மெல்லிய குரல். “பருவம் முடியற கடைசி நாள்ல பின் புடுங்க என்னையத்தான் கூப்பிடுவாங்க, நான்தான் உயரம்னு. கை நெறையப் புடுங்கினா ஒரு டாபி குடுப்பாங்க.”

யாரும் அவன் பக்கம் திரும்பவில்லை. அவன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டான்.

இரட்டைப் பிள்ளைகளின் தாய் பெத்தன் முன்னால் வந்தாள். “தெரிஞ்சுகிட்டே எங்க பிள்ளைங்கள உள்ள உக்கார வெச்சிருந்தீங்களா?”

“ஆமா.”

“சுவரு அங்க இருக்கறது எங்களுக்கும் தெரியும். இந்த ஊர்ல எந்தக் கட்டடத்துலதான் இல்ல? ஆனா அது டீச்சரம்மாவச் சாகடிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நாங்களும் ஒரு கண்ணு வெச்சிருப்போமே. காலையில விட வரும்போது நான் பாத்தேன். பூ அழகா இருக்குன்னு சொல்லிட்டுப் போனேன்.”

அவள் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது டெலித்துக்கு. ஊர் வாயை மூட உலைமூடி தேடியவள், ஊர்க் கண்ணையும் சேர்த்து மூடிவிட்டிருந்தாள்.

உடுப்பை உதறாமல் கழற்றுங்கள், பையில் போட்டுக் கட்டி வையுங்கள், தலைக்குக் குளிப்பாட்டுங்கள் என்று ஒவ்வொருவருக்கும் சொன்னாள். சட்டைப்பையில் செல்பேசி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. இட்ரிஸ் சமையல்கட்டிலிருந்து மேசைவிரிப்புகளைக் கொண்டுவந்து பிள்ளைகளின் தலையில் முக்காடாகப் போட்டு ஒவ்வொருவராக அனுப்பினான். கடைசிப் பிள்ளையும் போன பிறகுதான் எடுத்துப் பார்த்தாள். இரண்டு முறையும் மென்னா. திரும்பக் கூப்பிடாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டில், சாவு விழுந்தால் செய்வதுபோல், திரைச்சீலைகள் மூடியிருந்தன. நெஸ்டாவின் வாய் மூடி, தலை சீவி, கைகள் போர்வைக்கு மேலே வைக்கப்பட்டிருந்தன. மென்னா கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்திருந்தாள்.

“எப்ப?”

“நீ போயி ரொம்ப நேரம் ஆகல.”

“கஷ்டப்பட்டாங்களா?”

“இல்ல. மணி அடிச்சாச்சான்னு கேட்டா. அடிச்சாச்சுன்னு சொன்னேன். அடிச்சுதா இல்லையான்னு எனக்கென்ன தெரியும்?” மென்னா மூக்கை உறிஞ்சினாள். “சரின்னா. அவ்வளவுதான்.”

டெலித் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அம்மாவின் கை இன்னும் முழுதாகக் குளிர்ந்திருக்கவில்லை. போகாமல் இருந்திருக்கலாம். போன் பண்ணி இட்ரிஸையே உண்மையைச் சொல்லச் சொல்லியிருக்கலாம். அதற்கும் முன்னால், ஜனவரியில் அரை மணி நேரம் அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு அறைகளைச் சுற்றியிருந்தால், இந்தக் கையைப் பிடித்தபடி இங்கேயே இருந்திருப்பாள். எங்கே தொட்டாலும் தன் தப்பாகவே வந்து நின்றது. அவள் அழுதாள். மென்னா அவளைத் தடுக்கவும் இல்லை, தொடவும் இல்லை.

டாக்டரும் ஹெல்வெனும் வந்தார்கள். டாக்டர் பார்த்து முடித்ததும் தயங்கினார்.

“பெட்டி இங்க இருக்குமில்லையா?” என்று மென்னா கேட்டாள். “அடக்கத்தன்னிக்கு வரைக்கும் முன்னறையிலதான் வெக்கறது. எங்க அம்மா, எங்க அப்பா, எல்லாரும் இங்கதான் இருந்தாங்க. சர்ச்சுக்காரங்க வந்து பாடுவாங்க.”

“முடியாதும்மா. இந்த நோய்ல போனா மரண விசாரணை அதிகாரிக்குச் சொல்லியாகணும், சட்டம். இன்னிக்கே கொண்டு போயிடுவாங்க. ஏற்கெனவே சதை எடுத்துப் பாத்திருக்கறதால அறுக்க மாட்டாங்கன்னு நெனைக்கறேன். ஆனா விசாரணை உண்டு. எங்க வேலை பாத்தாங்க, எதனால வந்துதுன்னு எல்லார் முன்னாடியும் சொல்வாங்க.”

“பேப்பர்லயும் வரும்,” என்றாள் மென்னா, யாரையும் பார்க்காமல்.

“வரும்.”

டாக்டர் காருக்குப் போன பிறகு ஹெல்வென் மருந்துப் புட்டிகளை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டே, “அம்மா போன வாரம் இதையேதான் கேட்டாங்க,” என்றாள்.

“எத?”

“செத்தப்புறம் என்ன நடக்கும்னு. விசாரணை நடக்கும், பேப்பர்ல வரும்னேன். அப்படின்னா அதுக்கு முன்னாடி டெலித் வாயாலயே ஊருக்குச் சொல்லிடணும், இல்லன்னா அவ இந்த ஊர்ல தலை நிமிர முடியாதுன்னாங்க. நான் சொல்லட்டுமான்னு கேட்டேன். வேணாம், அவளாவே சொல்லுவா, கொஞ்சம் பொறுன்னாங்க. நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருப்பீங்கன்னு நெனச்சேன் கண்ணு.”

ஒரு வாரம். அந்த வாரம் முழுக்க டெலித் இந்தக் கட்டிலருகிலேயே இருந்திருக்கிறாள். தலையணை மாற்றினாள், உதட்டை நனைத்தாள், வானிலை பேசினாள். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பார்வைகளில் எது வலி, எது காத்திருப்பு என்று இப்போது பிரித்துப் பார்க்க வழியில்லை.

கதவு தட்டப்பட்டது. கெத்தின் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றான்.

“மிஸ், தலைய ரெண்டு தரம் அலசினேன், போதுமான்னு வீட்டுக்காரி கேக்கச் சொன்னா. அப்புறம் என்னையப் பத்தி, அந்தக் காலத்துல நான்...” பின்னால் மூடிய திரைச்சீலைகளைக் கண்டதும் அவன் பேச்சு நின்றது. தொப்பியைக் கழற்றினான். “மன்னிச்சுடுங்க. தெரியாது. நாளைக்கு வர்றேன்.”

“இல்ல, நில்லுங்க. கேளுங்க.”

“எப்படி மிஸ் இப்ப...”

“கேளுங்க.”

ரெண்டு தரம் போதும் என்றாள். சின்ன வயதில் பின் பிடுங்கியதை டாக்டரிடம் சொல்லிக் குறித்து வைக்கச் சொல்லுங்கள், இருமலோ மூச்சுத் திணறலோ வந்தால் அலட்சியமாக விடாதீர்கள் என்றாள். சொல்லும்போது அவன் கையைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவனுக்குப் பின்னால் ஒரு பாட்டி குடையோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். தெருமுனையிலிருந்தும் யாரோ ஏறி வந்துகொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் துக்கம் விசாரிக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்திருக்கவில்லை. பிள்ளைகளைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருந்தார்கள். செய்தி வரிசையில் பின்னோக்கிப் போவது தெரிந்தது. ஆனால் யாரும் கலைந்து போகவில்லை.

அதிகாரி அனுப்பிய கறுப்பு வண்டி வந்து நின்றபோது, வரிசை இரண்டாகப் பிரிந்து நடைபாதையின் இருபுறமும் ஒதுங்கியது. ஆண்கள் தொப்பியை எடுத்தார்கள். எதிர்வீட்டிலும் அடுத்த வீட்டிலும் திரைச்சீலைகள் ஒவ்வொன்றாக மூடின. நெஸ்டாவை வெளியே கொண்டுவந்தபோது மென்னா வண்டிவரை கூடவே நடந்தாள். வண்டிக் கதவு சாத்தியதும் வீட்டுக்குத் திரும்பாமல், தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, மாப்லியைக் குளிப்பாட்ட மகள் வீட்டுப் பக்கமாக இறங்கிப் போனாள். டெலித்திடம் சொல்லிக்கொள்ளவில்லை.

வண்டி திருப்பத்தில் மறைந்தது. தொப்பிகள் தலைக்குத் திரும்பின. நடைபாதையின் இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் மெதுவாக வந்து மறுபடி வரிசையில் நின்றார்கள். டெலித் வாசற்படிக்குப் போய் அவர்களைப் பார்த்து நின்றுகொண்டாள்.

பெத்தன் முன்னால் வந்தாள். கண் வீங்கியிருந்தது. கோபம் அப்படியே இருந்தது.

“ரெண்டு பேர் துணியையும் ஒரே பையில போடலாமா?”

“தனித்தனியாப் போட்டுக் கட்டுங்க,” என்றாள் டெலித். “மேல பேர் எழுதிடுங்க.”

பெத்தன் தலையாட்டிவிட்டு நகர்ந்தாள். அடுத்தவர் படியேறினார்.